தீட்டுக் கழித்த தாளம்

கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யல் பிறக்கிற வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், வருசத்துக்கு ஒரு ராத்திரி சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் விடிய 6 மணி வரைக்கும் ஒரு இசைவிழா நடக்கிறது. ஈஷா யோக மையத்தின் மகாசிவராத்திரி. 112 அடி உயர ஆதியோகியின் மார்பளவுச் சிலை. அதன் மேல் வண்ண வண்ணமாய் ஒளி. பின்னால் கன்னங்கரேலென்று மலை. மேடையில் சிந்தசைசர், மின்தாளப் பலகை, கிடார், கூடவே சினிமாப் பாடகர்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள். காசு கட்டியவர்களுக்கு முன்னிருக்கை, மற்றவர்களுக்குப் பின்னால் திறந்தவெளி. தொலைக்காட்சியும் இணையமும் ராத்திரி முழுக்க நேரலை. சிலையை 2017 பிப்ரவரி 24இல் திறந்து வைத்தவர் பிரதமர் மோடி. 2019 விழாவுக்குக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்தார். 2023 பிப்ரவரி 18இல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வந்தார். ஒருவர் தலித், மற்றவர் சந்தால் பழங்குடிப் பெண். இரண்டு பேரையும் வரவேற்று உட்கார வைத்த அந்த இடத்தைச் சுற்றிலும் இருப்பவை இருளர் பதிகள். மலைக்குப் பக்கத்தில் பதி இருக்கிறது என்பதை எந்த கேமராவும் காட்ட வேண்டியதில்லை. மலையைக் காட்டினால் போதும்.

இதை விமர்சிக்கலாம் என்றதும் நம் தோழர்கள் நிலம், காடு, கட்டடம், அனுமதி என்று ஆரம்பிப்பார்கள். பேச வேண்டியதுதான். சிலை எழும்பிய 2017இலேயே பழங்குடியினர் சங்கம் ஒன்று உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதி இல்லை என்று மையத்துக்கு வந்த நோட்டீசை 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்த மேல்முறையீட்டை 2025 பிப்ரவரி 28இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விழாவின் சத்தம் பற்றிப் போடப்பட்ட மனுவும் அதே மாதம் உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. வழக்கு வழக்காக இருக்கட்டும். நான் எழுத வந்தது இசையைப் பற்றி. ஏனென்றால் இசையைப் பற்றித்தான் நாம் வாயே திறப்பதில்லை. சாமியார்களை நாள் முழுக்கத் திட்டுகிற தோழர்கூடக் கடைசியில், "ஆனா மியூசிக்கு நல்லாத்தாங்க இருக்குது" என்று தலையாட்டுகிறார். அரசியலில் எதிர்ப்பு, ரசனையில் சரணாகதி. அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

மலை, பாலை, இடிபாடு இவற்றின் நடுவில் மின்கருவிகளைக் கொண்டுபோய் வைத்து வாசிப்பது நம்மூரில் பிறந்த சங்கதி இல்லை. பிங்க் ஃபிளாய்ட் குழு 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பேயி இடிபாட்டு அரங்கில், பார்வையாளரே இல்லாமல் வாசித்துப் படம் பிடித்தது. எரிமலைச் சாம்பலில் செத்த ஊர். அதில் உயிருள்ள ரசிகன் ஒருத்தனும் வேண்டாம் என்பதே அந்தப் படத்தின் அழகியல். 2016இல் பிரான்சில் தொடங்கிய செர்க்கிள் என்ற அமைப்பு இதை ஒரு தொழிலாகவே ஆக்கியது. 2019இல் எஃப்.கே.ஜே. என்ற கலைஞரை பொலிவியாவின் உயூனி உப்புவெளியில் வாசிக்க வைத்தது. 2020இல் பென் போமர் துருக்கியின் கப்படோக்கியா மேலே பலூனில் மிதந்தபடி வாசித்தார். பார்க்கப் பிரமாதம். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உயூனி வெறும் வெள்ளைத் திரை இல்லை. அதன் ஓரத்தில் கொல்சானி என்ற ஊர்க்காரர்கள் உப்பு வாரிப் பிழைக்கிறார்கள். உப்புக்கு அடியில் இருக்கும் லித்தியம் உலகின் மிகப்பெரிய இருப்புகளில் ஒன்று; கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் பேட்டரி ஆகிற சரக்கு. அந்த வெளியில் உப்பு வாருகிறவர் இருக்கிறார், அடியில் கனிமம் இருக்கிறது, அதன்மேல் கண் வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. படத்தில் இருப்பதோ ஒரு கலைஞன், நாலு கருவி, ஆகாயம். இயற்கையை இப்படிக் காட்ட ஒரே வழிதான் உண்டு: அங்கே உழைக்கிறவனை அப்புறப்படுத்துவது. ஆளை அடித்துத் துரத்த வேண்டியதில்லை. சட்டகத்துக்கு வெளியே நிறுத்தினால் முடிந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டு வளர்ந்த நமக்கு இந்த வித்தையை யாரும் புதிதாய் விளக்க வேண்டாம்.

வெள்ளியங்கிரிக் காட்சியும் இந்த வரிசையில்தான் வருகிறது. அதில் கூடுதலாக ஒன்று: புனிதம். வெள்ளைக்காரன் மலையை அழகு என்று சொல்லி ஆளை மறைத்தான். இங்கே மலை தென்கயிலாயம் ஆகிறது. அழகு என்றால் கேள்வியாவது கேட்கலாம், புனிதம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட வேண்டும்.

அந்த மலையில் இசைக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். இருளருக்குப் பொறை, தவில், கொகால், ஜால்ரா உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் விதைப்புக்கும் ஆட்டம் உண்டு. வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது. பின்வரிசையும் கிடையாது. ஆடத் தெரியாதவனும் வால்பிடித்து நுழையலாம். மலை அங்கே பின்னணி இல்லை. தேனும் கிழங்கும் விறகும் தருகிற இடம், யானை வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற இடம். மேடை போட்டதும் வட்டம் உடைந்து இரண்டாகிறது: காட்டுகிறவன், பார்க்கிறவன். பதியிலிருந்து ஒரு குழுவை அழைத்து மேடையேற்றினாலும் இந்தப் பிளவு மாறாது. பத்து நிமிசம் ஆடிவிட்டு அவர்கள் இறங்க வேண்டும். அடுத்து வரும் பிரபலப் பாடகருக்கு அவர்கள் முன்னோட்டம்.

*

இனி தாளத்துக்கு வருவோம். இந்த விழாக்களில் ஆட்டம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் என்ன கேட்கிறது? சீராக, இடைவெளி மாறாமல், நாலு நாலாக விழுகிற கனத்த அடி. அதன்மேல் பறையோ உறுமியோ போல ஒரு சத்தம். பெரும்பாலும் அது போல ஒரு சத்தம்தான். யாரோ எங்கேயோ அடித்ததைப் பதிந்து, வெட்டி, பலகையின் ஒரு கட்டத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். குச்சியால் தட்டினால் வரும், பட்டனை அமுக்கினாலும் வரும். ராத்திரி பூராவும் மாறாமல் வரும்.

எங்கள் பக்கம் துடும்பு, தப்பட்டை, உறுமி அடிப்பவர்கள் அருந்ததியர். ஜமாப் என்று சொல்கிற செட்டும் எங்கள் ஆட்களுடையது. மாரியம்மன் சாட்டு வந்தால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். அடிக்கும் முன் வைக்கோலோ சருகோ போட்டுத் தீ மூட்டி, தப்பட்டையை அனலில் காட்டுவார்கள். தோல் விறைக்கும், சுதி ஏறும். பனியில் இறங்கும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு கையில் அடிக்குச்சி, மற்றதில் சுண்டுகுச்சி. ஆக, அந்தச் சத்தம் நிலையான சரக்கு இல்லை. தோல், தீ, குளிர், கை நாலும் சேர்ந்து அந்தந்த நேரத்துக்கு உண்டாவது. விடிகாலைத் தப்பட்டை ஒரு மாதிரி, உச்சிவெயில் தப்பட்டை வேறு மாதிரி.

ஜமாப் அடிக்கும் எங்கள் பெரியப்பா முறைக்காரர் ஒருவருக்கு இந்த விழாவைக் கைப்பேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கேட்டார்: "ஏந் தம்பி, பொட்டிக்குள்ள இருந்து நம்ம மோளமாட்டக் கேக்குதே, அதுக்கு அனல் காட்ட வேண்டாமா?"

"வேண்டாம் பெரிப்பா. பட்டன அமுக்குனாப் போதும்."

"அப்பொ கோயலுக்கு உள்ளாறயே கொண்டுபோயி அடிக்கலாம்னு சொல்லு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இந்த விசயத்தில் நான் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். செத்த மாட்டின் தோலைத் தொட்டவன் கை தீட்டு. அந்தக் கை அடித்த சத்தம் மட்டும் சாமிக்கு வேண்டும், சாவுக்கு வேண்டும், ஊர்வலத்துக்கு வேண்டும். நூற்றாண்டுகளாகச் சாதி இந்துவுக்கு இது ஒரு சிக்கல்: சத்தம் வேண்டும், ஆள் வேண்டாம். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி தூரம். வாசலுக்கு வெளியே நின்று அடி, தேருக்கு முன்னால் தள்ளி நின்று அடி. இப்போது எந்திரம் அந்தச் சிக்கலை முழுசாகத் தீர்த்து வைக்கிறது. தோல் இல்லை, கை இல்லை, ஆள் இல்லை, சத்தம் மட்டும் வந்து சேர்கிறது. தீட்டுக் கழித்த தாளம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பக்கத்துக் கோயிலுக்குள் எட்டிப் பாருங்கள். பூசை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுழன்று முரசும் மணியும் தானே அடிக்கிற மின்மேளம் எத்தனையோ கோயில்களில் இருக்கிறது. எந்திரத்தைச் சுவருக்குள்ளே, சாமிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரும்புக்கும் மின்சாரத்துக்கும் சாதி கேட்பதில்லை. கொங்கு மண்டலத்துக் கல்யாணங்களிலும் நோம்பிகளிலும் இன்னொன்றையும் பார்க்கலாம். உள்ளூர்த் துடும்பு இருக்க, பாலக்காட்டுப் பக்கமிருந்து செண்டை மேளத்தைப் பெருந்தொகை கொடுத்து அழைக்கிறார்கள். செண்டையும் தோல்தானே? ஆமாம், ஆனால் அடிக்கிறவன் நம்ம ஊர்ச் சேரியிலிருந்து வரவில்லை. கேட்கிற காதுக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாட்டார் கலை என்று வந்துவிட்டால் எல்லாம் சனநாயகம் என்றும் யாரும் ஏமாற வேண்டாம். வள்ளிக்கும்மியும் கொங்கு நாட்டார் கலைதான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சி தன் நாமக்கல் வேட்பாளரையே மாற்ற வேண்டி வந்தது. வள்ளிக்கும்மி நிகழ்ச்சியில் அவர் பேசிய சாதிப்பேச்சு வெளியே வந்ததுதான் காரணம். மின்சாரம் இல்லாத கும்மியிலும் சாதி அடிக்கும். ஆகவே கருவி எது என்பது முதல் கேள்வி இல்லை.

*

எந்திரத்தை வைத்து என்னவும் செய்யலாம் என்பதற்குக் கறுப்பர்களின் கதையே போதும். 1979 ஜூலை 12இல் சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை மலைபோல் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கறுப்பர்களும் ஒருபால் விருப்பினரும் ஆடிய இசை என்கிற வெறுப்பு அந்தக் கொண்டாட்டத்துக்குள் இருந்தது. அதே ஊரில்தான் ஃபிராங்கி நக்கிள்ஸ் போன்ற கறுப்பு டிஜேக்கள் ஹவுஸ் இசையைக் கட்டினார்கள். கார் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பு இளைஞர்களிடமிருந்து டெக்னோ கிளம்பியது. அவர்கள் காலத்துக் கருவி ரோலண்ட் டி.ஆர்.-808. 1980இல் வந்து, விற்பனை சரியில்லாமல் 1983இல் நிறுத்தப்பட்டது. அசல் டிரம்ஸ் மாதிரி இல்லை என்று மேட்டுக்குடி கழித்துக் கட்டியதைப் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கிப் புது உலகமே செய்தார்கள். கழித்துப் போட்டதை எடுத்துக் கருவியாக்குவது நமக்கும் தெரிந்த தொழில்தான்.

பிறகு என்ன ஆனது? அந்த இசை ஐரோப்பாவுக்குப் போய்க் கோட்டையிலும் மலையுச்சியிலும் ஏறியது. 2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பெர்லினுக்கு மரபு, டெட்ராய்ட்டுக்கு அடிக்குறிப்பு. நம் நாட்டிலும் 1982இலேயே பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், அதே 808ஐ வைத்து ஒரு தட்டு போட்டார். என்ன வாசித்தார்? பத்து ராகங்கள். புத்தம்புது எந்திரம் கைக்கு வந்ததும் இந்தியக் காது முதலில் தேடிப்போனது ராகத்தை. தப்பட்டை அதன் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் திறமையைக் குறை சொல்லவில்லை. மரபு என்றதும் நமக்கு எது தோன்றும்படி பழக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

எந்திரம் நம் கைக்கு வந்தபோது நடந்ததும் கண்ணெதிரே இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. கானாவும் சட்டியும் பறையும் கிடாரும் ராப்பும் ஒன்றாக நின்றன. மலை இல்லை, சிலை இல்லை. பாடியவர்கள் முகமும் பேரும் ஊரும் தெரிய நின்றார்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளைப் பாட்டின் நடுவில் உட்கார வைத்தார். காடும் மண்ணும் அந்தப் படத்திலும் அழகாகத்தான் இருந்தன, ஆனால் அவை வேலை செய்தவர்களின் நிலமாக இருந்தன. உயூனிப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அந்தப் பாட்டு உலகம் சுற்றக் கிளம்பியதும் என்ன நடந்தது? பிரெஞ்சு டிஜே ஒருவரின் மறுகலவை வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் பாட்டை எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அறிவுக்குத் தனி அட்டை இணையத்தில் வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு பாடப்பட்டது. அவர் வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு விளக்கத்தோடு விடுபடுவது ஒரே ஆள் என்றால், அந்த வரிசையைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் பார்க்க முடியுமா? 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். தாளம் உலகம் சுற்றியது, கூலி வீடு வந்து சேரவில்லை.

இன்னொன்று, இதே மலைத்தொடரின் மறுபக்கம், அட்டப்பாடி. இருளர் பெண் நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' படப்பாட்டுக்காக 2022இல் தேசிய விருது அறிவித்தார்கள். உடனே பயிற்சி பெற்ற இசைக்காரர் ஒருவர், வாழ்நாளெல்லாம் இசைக்காக உழைத்தவர்களுக்கு இது அவமானம் என்றார். ஆடு மேய்த்துக்கொண்டு பாடியது பயிற்சி இல்லையாம். மலைக்காட்சியின் பின்னணியில் அந்தக் குரல் கேட்டால் தெய்வீகம் என்று கண்ணீர் விடுவார்கள். அதே குரலுக்குச் சொந்தக்காரி விருது மேடைக்கு வந்து நின்றால் சுதி சேரவில்லை என்பார்கள். நஞ்சியம்மா தம் குடும்பத்து நிலத்துக்காகவும் குரல் எழுப்பினார். அந்தக் குரலுக்கு யாரும் பின்னணி இசை போடவில்லை.

*

நம்முடைய பழைய விவாதத்துக்கு இங்கேதான் வந்து சேர்கிறோம். தலித் பத்திரிகைகளில் 1990களில் தீவிரமாக நடந்த விவாதம் அது: பறையை விட்டெறிவதா, ஆயுதமாக எடுப்பதா? இழிதொழிலின் அடையாளம், சாவுமேளம் அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கம் பட்டார்கள். அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டை உண்பதை விடச் சொன்ன வழியில் வந்த மறுப்பு அது. இன்னொரு பக்கம், பறை நம் கலை, மேடையேற்றுவோம் என்று கலைக்குழுக்கள் புறப்பட்டன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்கள். 2025இல் மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது.

இரண்டு தரப்பும் ஒரு விசயத்தில் ஒத்திருந்தது: அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அடிக்கிறவன். இந்தப் பலகை பறிப்பது அந்த முடிவைத்தான். எங்கள் பெரியவர் ஒருவர் நாளைக்கு "உன் சாவுக்கு அடிக்க மாட்டேன்" என்று குச்சியைக் கீழே வைத்தால், நேற்றுவரை அது கலகம். இன்றைக்கு அவர் சத்தமே ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. அவர் மறுப்பு யாரையும் தடுக்காது. மறுக்கிற உரிமையே இல்லாமல் போன கலைஞனை எந்தப் பேரைச் சொல்லிப் பாராட்டினாலும் அது பாராட்டு இல்லை.

அதற்காகப் பலகையை உடைக்கச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் ஜமாப் செட்டோடு மின்பலகையும் வைத்து அடிக்கிறார்கள், அடிக்கட்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. விழாக்களுக்கு வருசத்தில் 15 நாள் வரை மாநில அரசு 12 மணி வரைக்கும் தளர்வு தரலாம். சேரித் திருவிழாவில் 10 அடித்ததும் காவல்துறை வண்டி வந்து நிற்பதை நாங்கள் பார்த்துத்தான் வளர்ந்தோம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் சொல்ல விரும்புவது: இனி ஒரு மலைக்கு முன்னால், ஒரு கோட்டைக்கு முன்னால் மின்னிசை கேட்டுத் தலையாட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இந்தத் தாளம் யார் கையிலிருந்து எடுத்தது, அந்தக் கைக்குப் பேர் போட்டிருக்கிறார்களா? காசு போய்ச் சேர்ந்ததா? அடித்தவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நின்றிருக்குமா? இந்த இடம் யாருக்கு வீடு, அவர்கள் படத்தில் எங்கே? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் தாராளமாக ஆடுங்கள், நானும் வருகிறேன். பதில் இல்லாவிட்டால் விடிந்த பிறகு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். எந்த ஊர் விழாவானாலும் சரி, லட்சம் பேர் எழுந்து போன மைதானத்தில் விளக்குமாறும் சாக்குமாகக் குனிந்து நிற்பவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டு, பேரோடு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.